தங்கள் ஊரைத் தேடி வருகிறவர்களுக்கும் கதவைத் திறங்கள்

தமிழ்நாட்டின் ஆவணக் காப்பகத்துக்கும், மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் ஆவண அறைகளுக்கும், மறுவாழ்வுத் துறைக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரியையும் சேர்ந்தவள் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய ஒரு குடும்பத்தின் பேத்தி. சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷனுக்கும் நகல் எடுக்க எங்கள் சனம் கொண்டுவரும் பழைய தாள்கள் பல வருடமாக என் கை வழியாகத்தான் போகின்றன. கண்டியில் இந்திய ஹைகமிஷன் அலுவலகத்தில் கொடுத்த குடும்ப அட்டை, தோட்டத்துப் பிறப்புச் சான்று, ஓரம் அரித்துப்போன பாஸ்போர்ட், குடும்பமே வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட ஒரே ஒரு போட்டோ. நகல் எடுத்து முடித்ததும் பலர் உடனே கிளம்புவதில்லை. “இதுல ஊர்னு என்னம்மா போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லு” என்பார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். பூர்வீக ஊரைத் தேட உங்கள் ஆவண அறைகளுக்குள் எங்களையும் விடுங்கள் என்று கேட்கிறேன்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரை இரண்டு நாடுகளும் பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கிய இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொடங்கிவைத்ததை இந்தக் கையெழுத்துகள் முடித்துவைத்தன. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று ஒரே லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குள், பிரிந்த குடும்பங்கள் ஏராளம். தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து நீலகிரிக்கும் வால்பாறைக்கும் இன்னும் எங்கெங்கோவும் அனுப்பப்பட்டார்கள். அப்படி வந்தவர்கள்தான் எங்கள் அப்பாயியும் தாத்தாவும்.

அங்கே இருந்தவரை எங்களுக்கு ‘இந்தியத் தமிழர்’ என்று பெயர். இங்கே வந்த பிறகு ‘சிலோன்காரங்க’. பொண்ணு பார்க்கப் போன இடத்தில், வாடகைக்கு வீடு கேட்ட இடத்தில், பள்ளிக்கூடத்தில் பேர் சேர்க்கும் இடத்தில் எல்லாம் வரும் முதல் கேள்வி, “பூர்வீகம் எது?” என் வீட்டில் அதற்கு நேரான பதில் இருந்ததில்லை. “திருச்சிப் பக்கம்” என்பார் தாத்தா, அதோடு பேச்சை மாற்றிவிடுவார். நாம் யார், எங்கிருந்து யார் கூட்டிப்போய் எங்கே விட்டார்கள், ஏன் போனார்கள் என்ற கேள்வி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதைவிடப் பெரிய கேள்வி என் வாழ்க்கையில் வந்ததில்லை. எனக்குத் தெரிந்த வழியில் தேட ஆரம்பித்தேன்.

தேட ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு ஏன் காகிதம் இல்லை என்பது புரிந்தது. மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போய்த் தங்கள் மூதாதையின் பதிவைத் தேடலாம். கப்பல் பெயர், வந்த தேதி, தகப்பன் பெயர், புறப்பட்ட ஊர் எல்லாம் அந்தப் பதிவேடுகளில் இருக்கின்றன, சிலருக்குப் புகைப்படமே இருக்கிறது. இலங்கைக்குப் போனவர்கள் அப்படிப் போகவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி தன் ஊர்ப்பக்கம் வந்து, பங்காளி, மாமன் மச்சான், அக்கம்பக்கத்துச் சனம் என்று முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனார். ஆளுக்கு ஆள் ஒப்பந்தம் எழுதவில்லை. இருந்தது கடன் கணக்கு, அதுவும் கங்காணியின் ஏட்டில். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும்போது கடன் தொகை எழுதிய ‘துண்டு’ கூடவே போனது, அந்த முறையை 1921-இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். 1900-களின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் இருந்தன. ஊர் பெயருக்கு அதில் இடமில்லை.

ஆகவே எங்கள் விஷயத்தில் தகவல் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. பாதி கிழவிகளின் வாயில் இருக்கிறது, கால்வாசி டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது, மிச்சம் உங்கள் அலமாரிகளில் இருக்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய விடை வராது. முதல் இரண்டும் எங்களிடம் இருக்கின்றன. மூன்றாவதற்குள் எங்களை விட மாட்டேன் என்கிறீர்கள்.

நாங்கள் தேடும் விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உங்களில் உண்டு.

எங்கள் குடும்ப அட்டையில் ‘முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா’ என்று தெளிவாக இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் ஊர்ப் பெயர்தான் சிக்கல். சொன்னதைக் காதால் கேட்டு ஒரு எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியது. லகரமா ளகரமா ழகரமா, தகரமா டகரமா என்று தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் மாற்றிப் போட்டு ஊர்ப் பட்டியலில் தேடினேன், அப்படி ஒரு ஊர் அகப்படவில்லை. அதனால் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு அப்பாயியிடம் போய் உட்கார்ந்தேன். அஞ்சாறு வயசிலேயே அவரைக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைத் தோட்டத்துக்கு, கூட்டிப்போய்விட்டார்கள். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்வதற்குச் சில வருடம் முன்பு.

“உங்க ஊர் எது?” என்று கேட்டால் கிழவிகள் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எத்தனையோ பேர் எத்தனையோ ஆபீஸில் கேட்டுச் சலித்த கேள்வி அது, கேட்டதும் மனசை மூடிக்கொள்வார்கள். சந்தை எந்தக் கிழமை, சந்தைக்கு நடந்து போவீங்களா வண்டியா, யார் வீட்டில் பொண்ணு எடுத்தீங்க, எந்தச் சாமிக்குக் கிடா வெட்டுவீங்க, கிணற்றில் தண்ணி மேலே இருக்குமா ஆழமா, புழுதி என்ன நிறம் என்று கேட்க வேண்டும். செல்போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கூடவே வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்க வேண்டும். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் அப்பாயி சொன்னார்: “எங்காத்தா சொல்லும், வாசல்ல நின்னா காலைல கொல்லிமலை மேல வெயிலு ஏறுறது தெரியும்னு. பொறத்தால பச்சமலை.”

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை, இரண்டுக்கும் நடுவில் துறையூர்ப் பக்கம். வாசல் மேற்குப் பார்த்த வீடு. துறையூர் அன்று முசிறி தாலுகாவுக்குள் இருந்த ஜமீன். ஒரு தாலுகா முழுக்கத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு அந்த இரண்டு வாக்கியத்தில் பத்துப் பதினைந்து ஊராகச் சுருங்கியது. சந்தையையும் சாமியையும் சேர்த்துப் பார்த்ததில் இன்னும் சுருங்கியது. எந்த ஆவண அறையிலும் கிடைத்திருக்காத தகவல் இது.

பிறகு நேரில் போனேன். ஊர் பெயரை இங்கே எழுதவில்லை, அங்கே இருக்கும் சொந்தங்களை நான் இன்னும் கேட்கவில்லை. குலதெய்வக் கோயிலில் பூசாரி ஐயா ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். தலைக்கட்டு வரி நோட்டு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் வரியின் கணக்கு. பழைய நோட்டு கரையான் அரித்துப்போக, அவருடைய அப்பா பார்த்துப் பிரதி எடுத்தது. இடது பக்கம் பெயர், வலது பக்கம் வரித் தொகை, நடுவில் வாங்கினதற்கு அடையாளமாக ஒரு கோடு. விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தபோது, சில பெயர்களுக்கு நேரே தொகை இல்லை. தொகை இருக்க வேண்டிய இடத்தில் ‘கண்டி’ என்று மட்டும் எழுதியிருந்தது. அடுத்த வருடத்திலும் அதே பெயர்கள், அதே ‘கண்டி’. அதற்கடுத்த வருடத்திலும். ஊரைவிட்டுப் போனவர்களை அந்த ஊர் தலைக்கட்டிலிருந்து நீக்கவில்லை, வருவார்கள் என்று வருடா வருடம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெயர்களில் ஒன்று என் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அதற்குக் கீழே இருந்தது, அவருடைய தம்பி என்று எங்கள் வீட்டில் சொல்லும் ஆளின் பெயர்.

இதை வைத்து நான் முடிவு கட்டிவிடவில்லை. அந்தப் பெயர்கள் அந்த வட்டாரத்தில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கும். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே சமயத்தில் இன்ன ஊரிலிருந்து புறப்பட்டார்கள் என்று காட்டும் இன்னொரு பதிவு வேண்டும். அது இருக்கக்கூடிய இடங்கள் எனக்குத் தெரியும். தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் திருச்சியில் 1904-இல் தொடங்கி இயங்கிய இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் ஏடுகள். மண்டபத்திலும் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையிலும் போகிறவர்களைத் தங்கவைத்து நோய் நொடி பார்த்து அனுப்பிய முகாம்களின் ஏடுகள். 1964-க்குப் பிறகு திரும்பி வந்தவர்களை மண்டபத்தில் பதிந்த ஏடுகள். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது தாத்தா தன் வாயால் சொல்லி எழுதவைத்த பூர்வீக விவரம். துறையூர் ஜமீன் ஊராக இருந்ததால் நிலத்தை உழவர் பெயரில் அரசே நேராகப் பதியும் ரயத்துவாரி செட்டில்மெண்ட் அங்கே 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முந்தைய நிலக் கணக்கு வேறு கட்டில் இருக்கும். இதையெல்லாம் எனக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு தாளாகத் தேடித் தெரிந்துகொண்டது.

ஓர் ஆவண அறைக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, அங்கே இருந்தவர் விதி என்று நம்பியதைத்தான் செய்தார். “யுனிவர்சிட்டி லெட்டர் இருக்கா? கைடு யாரு?” என்றார். என் குடும்பத்தைப் பற்றித் தேடுகிறேன் என்றேன். “சொந்த விஷயத்துக்கெல்லாம் ரெக்கார்டு எடுத்துத் தர முடியாதும்மா, ஆராய்ச்சிக்கு மட்டும்தான்.” நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். கேள்வி சொந்தமாக இருப்பதால் ஆராய்ச்சி கெட்டுப்போவதில்லை. ஒரு பட்டத்துக்காகத் தேடுகிறவர் மூன்று வருடத்தில் நிறுத்திவிடலாம், தன் அப்பனின் ஊரைத் தேடுகிறவரால் நிறுத்த முடியாது. தப்பான ஊரைச் சரியென்று எழுதிக்கொள்ளவும் அவருக்கு மனசு வராது, அந்த ஊர்க் கோயிலில் போய் நிற்கப்போகிறவர் அவர்தான்.

இந்தத் தமிழ்நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்துகொண்டு தேடியவர்களின் உழைப்பை எடுத்துவிட்டால் நம் வரலாற்றில் என்ன மிஞ்சும்? ஐராவதம் மகாதேவன் உங்களைப் போல ஓர் அரசு அதிகாரி, 1954-இல் இ.ஆ.ப. பணியில் சேர்ந்தவர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் குகை குகையாக ஏறித் தமிழ் பிராமி எழுத்துகளைப் படித்தார். புகளூர்க் கல்வெட்டில் இருப்பவர்கள் சங்ககாலச் சேர மன்னர்கள் என்று கண்டு 1965-இல் சொன்னபோது அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் இல்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் துண்டறிக்கைகளும் அழைப்பிதழ்களும் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. இவர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. இவர்கள் வாசலுக்கு வந்தபோது கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் இழப்பு யாருக்கு என்று யோசிக்கச் சொல்கிறேன்.

நான் தனி ஆள் இல்லை. கடைக்கு வருகிறவர்களில் இப்படித் தேடுகிறவர்கள் சேர்ந்து சேர்ந்து இன்று கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று ஒரு சிறு கூட்டமாகியிருக்கிறோம். கொழுந்து பறிக்கிற அக்கா இருக்கிறார், ஆட்டோ ஓட்டுகிற தம்பி இருக்கிறார், ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் இருக்கிறார். கூடலூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் தேடுவது ஊரை அல்ல, தன் அக்காவை. 1970-களில் இவர்கள் கப்பல் ஏறியபோது கல்யாணமாகி ஹட்டன் பக்கம் தங்கிவிட்டவர். கடிதப் போக்குவரத்து 1983 கலவரத்தோடு நின்றுபோனது. அக்கா இருந்த தோட்டத்தின் தமிழ்ப் பெயர் மட்டும் அண்ணனுக்குத் தெரியும். அங்கே தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் எங்கள் சனத்தின் வாயில் வேறு பெயரும் உண்டு. அவருடைய குடும்ப அட்டையின் அலுவலகப் பிரதி கிடைத்தால் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு ஹட்டனில் விசாரிக்க ஆள் இருக்கிறது. அந்த ஒரு தாளுக்காகத்தான் அவர் அலைகிறார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

நாங்கள் கேட்பதைச் சொல்கிறேன். ஆதார் அட்டை காட்டி, என்ன தேடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் எவரையும் ஆய்வாளராக ஏற்றுக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் கட்டாயம் என்றால், உள்ளூர் நூலகரோ தலைமை ஆசிரியரோ கொடுத்தால் போதும் என்று ஆக்குங்கள். மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், ஆவணங்களை நம்பகமான ஆராய்ச்சியாளர் எவருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றுதான் பேசுகிறது. பட்டம் இல்லாதவர் நம்பகமானவர் இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. தாயகம் திரும்பியோர் சம்பந்தப்பட்ட எந்தக் கோப்பையும் இனி ‘காலாவதி’ என்று கழிக்காதீர்கள். கடன் கொடுத்துத் தீர்ந்தது, வீடு கொடுத்துத் தீர்ந்தது என்று உங்களுக்கு அந்தக் கோப்பு முடிந்துபோயிருக்கலாம். ஒரு பேத்திக்கு அதில் இருக்கும் ஒரே வரி வேண்டியிருக்கும். அலுவலகம் இடம் மாறும்போதுதான் இந்த மாதிரிக் கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன என்பது எடைக்குப் போட்ட தாள்களை என் கடை வாசலிலேயே பார்த்திருக்கும் எனக்குத் தெரியும்.

நாங்கள் வெறுங்கையோடு வரவில்லை. பதிவு செய்த பேச்சுகள் இருக்கின்றன, அவரவர் சம்மதத்தோடு எடுத்த நகல்கள் இருக்கின்றன, எந்தத் தோட்டத்தில் எந்தத் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஊர்க்காரர்கள் சேர்ந்து இருந்தார்கள் என்று பாட்டிமார் சொன்ன விவரம் இருக்கிறது. கங்காணி ஒருவர் ஓர் ஊரிலிருந்து கூட்டிப்போனவர்கள் பெரும்பாலும் ஒரே லயத்தில் இருந்ததால், ஒரு வீட்டின் ஊர் தெரிந்தால் பக்கத்து வீட்டின் ஊருக்கும் துப்புக் கிடைக்கும். இவற்றின் பிரதியை உங்களிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம். வாங்கிவைக்க ஒரு அலமாரியும், பதிவெண் போட ஒரு ஆளும் வேண்டும். பழைய ஆங்கிலக் கூட்டெழுத்தும் பழைய தமிழ்க் கணக்கு எழுத்தும் படிக்கத் தெரிந்த ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது ஆவண அறையில் இருந்தால், தாளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் நிலை எங்களுக்கு வராது.

ஒரு விஷயத்தில் உங்கள் தயக்கம் நியாயமானது. அந்த ஏடுகளில் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு, நோய்க்கும் உண்டு. சாதியை மறைத்து, அல்லது மறந்து, புது வாழ்க்கை அமைத்துக்கொண்ட குடும்பங்கள் எங்களில் இருக்கின்றன. ஊரை விட்டதே அந்தக் கட்டத்திலிருந்து தப்பிப்பதற்காக என்றால், அதை மூன்று தலைமுறை கழித்து யாரோ தோண்டி எடுத்து எல்லோரும் பார்க்க வைப்பது கொடுமை. எங்கள் கூட்டத்திலேயே ஒருவர், ஊர் தெரிந்ததும், “இது என் வீட்டோட இருக்கட்டும்” என்று நிறுத்திக்கொண்டார். அவர் செய்ததே சரி. அந்தந்தக் குடும்பத்தின் வழிவந்தவர் கேட்டால் அவருக்குக் காட்டுங்கள், பெயரோடு பொதுவில் போடுவதற்கு அவர்கள் சம்மதம் கேளுங்கள். அதற்காக எல்லோருக்கும் சேர்த்துப் பூட்டுப் போடுவதை ஏற்க முடியாது.

சொல்லத் தெரிந்தவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். என் அப்பாயி போய்விட்டார். ராமேஸ்வரத்தில் இறங்கியபோது விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களுக்கே இப்போது அறுபதும் எழுபதும் ஆகிறது. அங்கே தோட்டத்தில் காலையில் பேர் கொடுத்து வேலை வாங்கும் பெரட்டுக்குப் போன, கங்காணியின் பெயர் தெரிந்த, ஊர்ப் பேச்சு மறக்காத தலைமுறையில் கோத்தகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்து மிச்சம் சிலர்தான். உங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பினால், யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கூட்டிப்போய்க் காட்டுகிறோம். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

பதில் எழுதுவதாக இருந்தால், இந்த மூன்று கேள்விகளுக்காவது எழுதுங்கள். 1964-க்குப் பிறகு திரும்பி வந்தவர்களை மண்டபம் முகாமில் பதிந்த ஏடுகள் இன்று எந்த அலுவலகத்தில், எந்த அறையில் இருக்கின்றன? திருச்சி இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் காகிதங்களில் ஏதாவது தமிழ்நாட்டு அரசின் கையில் இருக்கிறதா? அழிக்கப்பட்டிருந்தால், எந்த ஆண்டு, எந்த உத்தரவின்படி?

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய குடும்பத்துப் பேத்தி ஒருத்தி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்